சமயத்தைக் கற்றலும் சமயத்தைப் பற்றிக் கற்றலும்: ஓசூர் எல்லையிலிருந்து ஒரு நோக்கு

நம் கல்லூரிகளில் சமயம் பெற்றிருக்கும் இடம் விந்தையானது. ஆயுத பூஜையன்று ஆய்வுக்கூடத்துக் கருவிகளுக்குப் பொட்டிடுகிறோம். டிசம்பரில் குடில் அமைக்கிறோம். ரமளானில் நோன்பு திறக்கும் நிகழ்ச்சிக்குத் துணைவேந்தரை அழைக்கிறோம். விழாவாகவும் விடுமுறையாகவும் சமயம் வளாகத்துக்குள் தாராளமாக வந்து போகிறது. பாடமாக மட்டும் அது வருவதில்லை. அண்டை வீட்டார் எதை நம்புகிறார், ஏன் நம்புகிறார், அந்த நம்பிக்கை எந்த வரலாற்றின் வழியே அவரிடம் வந்து சேர்ந்தது என்ற வினாக்களை ஒருமுறையேனும் முறையாக எதிர்கொள்ளாமல் ஒருவர் நம் மாநிலத்தில் முனைவர் பட்டம் வரை பெற்றுவிடலாம். இக்குறை யாரால் நேர்ந்தது, இதனால் நாம் இழப்பது எது, இதை நீக்க முயல்வோர் எங்கே தவறுகின்றனர் என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்கிறோம்.

ஆய்வுக்குரிய களமாக நாம் கொள்வது ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைப் பகுதி. கற்பனையில் எழுந்த தேர்வன்று இது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே தெருவில் ஒலிக்கும் நிலம் இது. ஓசூரில் குன்றின் மேல் சந்திரசூடேசுவரர் கோயில் நிற்கிறது. கிருஷ்ணகிரிக் கோட்டை அமைந்த மலையைச் சையத் பாஷா மலை என்றே மக்கள் வழங்குகின்றனர். அதன்மேல் தர்கா ஒன்று உண்டு. ஊர்தோறும் சிதறிக் கிடக்கும் நடுகற்கள், மாண்ட வீரனைத் தெய்வமாக்கிய பழைய வழிபாட்டின் சாட்சிகளாக நிற்கின்றன. 1792இல் கையெழுத்தான ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் ஆங்கிலேயர் வசமானது. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் அங்கே நிலவரித் திட்டம் வகுத்தபோது, மண்ணையும் பயிரையும் மட்டுமின்றி மக்களின் குலங்களையும் வழக்கங்களையும் குறித்து வைத்தனர். வரி வாங்க வந்தவனுக்கு அந்த அறிவு தேவைப்பட்டது. ஒருங்கே வாழ்பவர்களாகிய நமக்கு அது தேவையில்லை என்று எண்ணுவது எவ்வளவு பெரிய முரண்!

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் எனத் தொழிற்சாலைகள் பெருகின. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று; 2019இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. அண்மை ஆண்டுகளில் மின்னணுத் தொழிலும் மின்வாகனத் தொழிலும் இங்கே வேரூன்றியுள்ளன. பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து இளைஞர்களும் இளம்பெண்களும் வேலைக்கு வருகின்றனர். ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிப் பழங்குடிப் பெண்கள் ஓசூர்த் தொழிற்சாலைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தி 2022இல் நாடு முழுதும் பேசப்பட்டது.

அப்பெண்களுள் சிலரின் சமயம் எதுவாக இருக்கும்? ஜார்க்கண்ட் பழங்குடியினரிடையே சர்னா என்னும் சமய மரபு உண்டு. புனிதத் தோப்பில் இயற்கையை வழிபடும் மரபு அது. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 49 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தம் சமயம் சர்னா என எழுதினர். இந்நாட்டுச் சமணரின் தொகையை விட இது மிகுதி. இதற்குத் தனிக் குறியீடு வேண்டுமென 2020 நவம்பரில் ஜார்க்கண்ட் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. சமணத்தைப் பற்றி நம் பட்டதாரிக்கு ஓரளவு தெரியும். ஐம்பெருங்காப்பியங்களைப் படிக்கையில் கேட்டிருப்பார். சர்னா என்ற சொல்லையே அவர் கேட்டிருக்கமாட்டார். அவர் நடத்தும் விடுதியில், அவர் மேற்பார்வை செய்யும் பணிமுறையில், அந்தச் சொல்லைத் தாங்கிய ஒருவர் நாள்தோறும் அவர் முன் நின்றுகொண்டிருக்கலாம். அறியாமை என்பது ஏட்டுக்குறை மட்டுமன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

குறையின் வரலாறு

பல்கலைக்கழகத்துக்கு வெளியே சமயம் நிறுத்தப்பட்டதற்கு நம் அரசியலமைப்பே காரணம் என்று பலர் கருதுகின்றனர். வரலாறு வேறாக இருக்கிறது. 1826இல் லண்டனில் தோன்றிய புதிய கல்லூரி, ஆக்ஸ்போர்டையும் கேம்பிரிட்ஜையும் போலச் சமயச் சோதனை வைத்து மாணவரைச் சேர்க்க மறுத்தது, இறையியலையும் பாடமாக்கவில்லை. அந்த வழியில் வளர்ந்த லண்டன் பல்கலைக்கழகத்தையே முன்மாதிரியாகக் காட்டிய 1854ஆம் ஆண்டின் உட் அறிக்கை, இந்தியாவில் பட்டத் தேர்வுகள் சமய நம்பிக்கை சார்ந்த பாடங்களை உள்ளடக்கலாகாது என வரையறுத்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் அந்த வரம்புக்குள் பிறந்தது. அன்னிய அரசு தன் குடிகளின் சமயத்தில் கைவைக்க அஞ்சியது. அந்த அச்சம் அன்று நியாயமானதே. ஆனால் ஆட்சியாளனின் எச்சரிக்கையாக இருந்தது, காலப்போக்கில் அறிவின் இலக்கணமாகவே நம்மிடம் நிலைத்துவிட்டது.

அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு, முழுதும் அரசு நிதியால் நடத்தப்படும் கல்வி நிறுவனத்தில் சமயப் போதனை வழங்கப்படலாகாது என்கிறது. இப்பிரிவு 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் விவாதிக்கப்பட்டபோது, ஓர் உறுப்பினர் எழுப்பிய ஐயத்துக்கு டாக்டர் அம்பேத்கர் அளித்த விளக்கம் நம் கவனத்துக்குரியது. போதனை வேறு, ஆராய்ச்சியும் பயிற்சியும் வேறு என்று அவர் பிரித்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் இஸ்லாமே. இறைவன் ஒருவன் என்றும் நபிகள் நாயகம் இறுதித் தூதர் என்றும் நம்பச் செய்வது போதனை. அக்கொள்கையைக் கற்று ஆராய்வது முற்றிலும் வேறான செயல் என்பது அவர் விளக்கத்தின் சாரம். நீதிமன்றங்களும் இவ்வழியே நடந்தன. அமிர்தசரஸில் 1969இல் அமைந்த குருநானக் பல்கலைக்கழகம் குருநானக்கின் வாழ்வையும் போதனைகளையும் ஆராய வகைசெய்வது சமயப் போதனையாகாது என 1971இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2002இல் அருணா ராய் தொடுத்த வழக்கிலும், சமயங்களைப் பற்றிய கல்வியை 28ஆம் பிரிவு தடுக்கவில்லை என்றே தீர்ப்பாயிற்று.

கல்விக் குழுக்களும் மௌனம் காக்கவில்லை. 1948-49ஆம் ஆண்டின் ராதாகிருஷ்ணன் குழு, பட்டப்படிப்பில் சமயத் தலைவர்களின் வரலாறும், மறைநூல்களின் தேர்ந்த பகுதிகளும், சமயத் தத்துவத்தின் மையச் சிக்கல்களும் ஆண்டுவாரியாக இடம்பெற வேண்டுமென்றது. 1964-66ஆம் ஆண்டின் கோத்தாரி குழு இன்னும் தெளிவாக, சமயக் கல்வி வேறு, சமயங்களைப் பற்றிய கல்வி வேறு எனப் பகுத்து, பின்னதை வரவேற்றது. ஆகவே சட்டம் கதவை அடைக்கவில்லை. திறந்த கதவின் வழியே நாம்தான் நுழையவில்லை.

பட்டியாலாவும் சென்னையும்

நுழைந்தவர்கள் இருக்கின்றனர். 1967இல் பட்டியாலாவில் உள்ள பஞ்சாபிப் பல்கலைக்கழகம் குரு கோவிந்த் சிங்கின் பெயரால் சமயவியல் துறையொன்றைத் தொடங்கியது. பல சமயங்களையும் ஒரே கூரையின்கீழ்ப் பயில்வது அதன் நோக்கம். அதே 1967இல்தான் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் நினியன் ஸ்மார்ட் சமயவியல் துறையை நிறுவினார். அமெரிக்காவிலோ, அரசுப் பள்ளிகளில் வழிபாட்டு முறையான மறைநூல் வாசிப்பைத் தடைசெய்த 1963ஆம் ஆண்டுத் தீர்ப்பே, சமயத்தைக் கல்வி நோக்கில் பயில்வதற்குத் தடையில்லை என்றும் கூறியது. அதன்பின் அந்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் சமயவியல் துறைகள் பெருகின. மூன்று நாடுகளில் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே முடிவுக்கு அறிஞர்கள் வந்து சேர்ந்தனர்.

தமிழகம் சென்ற வழி வேறு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தத்துக்கு ஒரு துறை, வைணவத்துக்கு ஒரு துறை, கிறித்தவத்துக்கு ஒன்று, சமணத்துக்கு ஒன்று, நீதிபதி பஷீர் அகமது சயீத் பெயரால் இஸ்லாமிய ஆய்வு மையம் ஒன்று எனத் தனித்தனியே அமைந்துள்ளன. அரபு, பாரசீகம், உருது மொழிகளுக்கான துறை 1927இலேயே தோன்றியது. இத்துறைகள் ஆற்றியுள்ள பணியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் இவ்வமைப்பின் அடிப்படையைத் திறனாய வேண்டும். ஒவ்வொரு சமூகத்துக்கும் ஓர் அறை என்பது நீதியான பங்கீடாகத் தோன்றும். அறைகளுக்கிடையே கதவு இல்லையேல் அது அறிவின் பங்கீடாகாது. தன் சமயத்தைத் தன்னவரிடம் தன்னவருக்காகக் கற்பது கோயிலிலும் மதரஸாவிலும் குருமடத்திலும் நடப்பதே. அங்கே அது இன்னும் ஆழமாகவும் நடக்கிறது. பல்கலைக்கழகம் மட்டுமே தரக்கூடியது ஒன்றுண்டு. வைணவத்தைக் கற்ற முஸ்லிமும், ஃபிக்ஹைக் கற்ற சைவரும் ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் மரபை மற்றவர் சரியாக எடுத்துரைக்கிறாரா என்று சோதிக்கும் வாய்ப்பே அது. பட்டியாலாவின் திட்டத்தில் அந்த மேசைக்கு இடமுண்டு. நம் அமைப்பில் அது தானாக அமைவதில்லை.

பல்கலைக்கழக ஆய்வு ஒரு சமூகத்துக்கு என்ன தரவல்லது என்பதற்கு மதுரை நல்ல சான்று. இலங்கையைச் சேர்ந்த ம. மு. உவைஸ் தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டை ஆராய்ந்து எழுதிய நூல் 1953இல் வெளிவந்தது. பின்னர் அவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்ந்து, பீ. மு. அஜ்மல்கானுடன் இணைந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். படைப்போரும் கிஸ்ஸாவும் மசலாவும் நாமாவும் வீட்டு அலமாரிகளில் செல்லரித்துக் கிடந்த நிலை மாறி, தமிழ் இலக்கிய வரலாற்றில் அவற்றுக்கு வரிசை கிடைத்தது. பக்தி அவற்றைப் பாடிக் காத்தது உண்மை. அவற்றைத் தொகுத்து, காலம் கணித்து, பிறர் மறுக்கவியலாதவாறு நிறுவியது ஆராய்ச்சி. இரண்டும் ஒன்றன் இடத்தை மற்றொன்று பறிக்கவில்லை.

மூன்று மறுப்புகள்

சமயவியலை ஆராய்ச்சியாகப் பயின்றால் ஈமான் தளர்ந்துவிடும் என்பது முதல் மறுப்பு. நம் சமூகத்தில் அக்கறையுள்ள பெரியோர் பலர் இதைச் சொல்கின்றனர். எள்ளி நகையாடத்தக்க அச்சமன்று. கீழைத்தேயவியலாளருள் சிலர் முன்முடிவுகளோடு நம் மூலங்களை அணுகியதை அறிந்தவர்கள் அவர்கள். ஆனால் நம் முன்னோர் இவ்வச்சத்தால் ஏட்டை மூடிவிடவில்லை. 973இல் குவாரிஸ்மில் பிறந்த அல்பீரூனி, சமஸ்கிருதம் கற்று, பண்டிதர்களோடு அமர்ந்து, 1030 அளவில் இந்தியாவைப் பற்றிய தம் பெருநூலை யாத்தார். இந்துக்களின் கொள்கைகளை அவர்தம் நூல்களிலிருந்தே எடுத்துரைப்பதை முறையாகக் கொண்டார்; தமக்கு முன் எழுதியோர் கேள்வியறிவையே நம்பினர் எனக் குறைகூறினார். பதஞ்சலியின் யோக நூலை அரபியில் தந்தவரும் அவரே. 12ஆம் நூற்றாண்டில் ஷஹ்ரஸ்தானி சமயங்களையும் பிரிவுகளையும் வகைப்படுத்தி நூல் செய்தார். இமாம் கஸ்ஸாலி தத்துவவாதிகளை மறுக்குமுன், அவர்தம் நோக்கங்களை விளக்கித் தனிநூலே எழுதினார். 1657இல் தாரா ஷிகோஹ் முடித்த உபநிடதப் பாரசீக மொழிபெயர்ப்பு, பின்னர் இலத்தீன் வழியாக ஐரோப்பாவை எட்டியது. உபநிடதங்களை ஷோப்பன்ஹவர் படித்தது அந்த வாயிலால்தான். இவர்கள் யாரும் பிறர் நூலைப் படித்ததால் தம் கலிமாவை மறந்தவர்களல்லர்.

தமிழ் மரபும் இதற்கு அன்னியமன்று. மணிமேகலை வஞ்சி மாநகரில் பல்வேறு சமயக் கணக்கரின் கொள்கைகளையும் ஒவ்வொன்றாகக் கேட்ட பின்னரே தன் முடிவை நோக்கி நடக்கிறாள். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் தம் கொள்கையாகிய சுபக்கத்தைச் சொல்லுமுன், பிறர் கொள்கைகளை எடுத்துக்கூறி மறுக்கும் பரபக்கத்தை வைக்கிறார். சமயத்தையே மறுத்தவர்களும் படித்தே மறுத்தனர். இராமாயணப் பாத்திரங்களை வரிசையாக எடுத்து விமர்சித்த பெரியார், அந்நூலைப் புரட்டாமல் அதைச் செய்யவில்லை. அவர் பெயரால் 1997இல் சேலத்தில் அமைந்த பல்கலைக்கழகத்தோடு கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கலைக் கல்லூரிகள் இணைந்துள்ளன. நம்புவோர்க்கும் மறுப்போர்க்கும் பொதுவான அறிவுத்துறை ஒன்றை அங்கே தொடங்குவது அப்பெயருக்கு இழுக்காகாது.

இரண்டாவது மறுப்பு நுட்பமானது. சமயவியல் என்ற பெயரில் பெரும்பான்மையோர் சமயம் பின்வாயில் வழியே பாடத்திட்டத்துள் நுழைந்துவிடும் என்பது அது. 2001இல் பல்கலைக்கழக மானியக் குழு சோதிடத்தைப் பட்டப் படிப்பாக்க முனைந்ததும், 2004இல் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்ததும் இந்த ஐயத்துக்கு உரமிட்டன. இதை நாம் இலேசாகத் தள்ளவில்லை. சோதிடத்தின் வரலாற்றை ஆராய்வது ஒன்று; சோதிடரை உருவாக்குவது மற்றொன்று. அந்தக் கோடு அழிந்தால் சமயவியலும் அழியும். ஆனால் இதற்கு மருந்து பாடத்தையே விலக்குவதன்று; அளவுகோலை முன்கூட்டியே நிறுவுவது. லாகூரில் ஆசிரியராயிருந்து, பின்னர் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமிய ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிய வில்ஃபிரட் கான்ட்வெல் ஸ்மித் ஓர் உரைகல்லைத் தந்தார். ஒரு சமயத்தைப் பற்றி ஆய்வாளர் சொல்வதை, அச்சமயத்தார் தம்முடையதாக அடையாளம் காண இயல வேண்டும் என்பது அது. இதனோடு இரண்டைச் சேர்க்கலாம். ஒரு சமயத்திடம் கேட்கும் வினாவை எல்லாச் சமயங்களிடமும் கேட்க வேண்டும். மதிப்பெண் நம்பிக்கைக்கன்றி வாதத்துக்கே தரப்பட வேண்டும்.

கான்ட்வெல் ஸ்மித்தின் உரைகல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. அச்சமயத்தார் எவர்? சையத் பாஷா மலைத் தர்காவுக்குச் செல்பவர் ஒரு முஸ்லிம். தர்கா வழிபாடு கூடாது என்பவரும் முஸ்லிமே. இருவருள் யார் தலையசைத்தால் ஆய்வு தேறும்? ஆய்வாளர் தீர்ப்பளிக்கப் புகுந்தால் அவர் முஃப்தியின் இருக்கையைக் கவர்கிறார். இருவரையும் பொருட்படுத்தாமல் எழுதினால் அன்னியராகிறார். ஒவ்வொருவர் வாதத்தையும் அவரவர் ஒப்பும் வண்ணம் எடுத்துரைத்து, வேறுபாட்டின் வரலாற்றைத் தெளிவாக்கி, தீர்ப்பை உலமாக்களுக்கும் நம்புவோரின் மனச்சான்றுக்கும் விட்டுவிடுவதே முறை. இந்த அடக்கம் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று. சமயவியல் தரும் பயிற்சிகளுள் இதையே நாம் தலையாயதாகக் கருதுகிறோம்.

மூன்றாவது மறுப்பு வயிற்றைப் பற்றியது: இதைப் படித்தால் வேலை கிடைக்குமா? தொழிற்சாலை சூழ்ந்த ஓசூரில் இக்கேள்வியைத் தவிர்க்க முடியாது. சமயவியல் பட்டத்துக்கென ஆலைவாயிலில் யாரும் காத்திருக்கவில்லை என்பதை ஒப்புகிறோம். ஆனால் பட்டம் பெற்று அங்கே வேலைக்குச் செல்பவர் எந்திரத்தோடு மட்டும் வாழ்வதில்லை. உணவுக்கூடத்தில் என்ன சமைப்பது, ஜும்ஆவுக்கு இடைவேளை எவ்வாறு அமைப்பது, சர்ஹுல் பண்டிகைக்கு ஊர் செல்லக் கேட்கும் பெண்ணுக்கு என்ன விடை சொல்வது, கைப்பேசியில் வந்த அவதூற்றை நம்பிக் கொதிக்கும் தொழிலாளரை எப்படி அமைதிப்படுத்துவது என்பவை அவர் மேசைக்கு வரும். வதந்தி முளைப்பது பெரும்பாலும் அறியாமையின் நிலத்திலேயே. முப்பது மணிநேரப் பாடம் கலவரத்தைத் தடுத்துவிடும் என்று நாம் மிகைபடக் கூறவில்லை. பொய்யைக் கேட்டவுடன் 'இது அவர்கள் நூலில் உண்டா?' என்று வினவும் பழக்கத்தை அது தரக்கூடும்.

செய்யத்தக்கவை

இப்பகுதிக்கு உடனே ஒரு பெருந்துறை வேண்டும் என்று நாம் கோரவில்லை. முதற்படியாகக் கலைக் கல்லூரிகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் விருப்பப் பாடமாக ஒரு தாள் போதும். ஆனால் அது எல்லாச் சமயங்களும் அன்பையே போதிக்கின்றன என்னும் இனிப்புக் கட்டுரையாக இருக்கக்கூடாது. அத்தகைய பாடம் எந்தச் சமயத்தையும் கற்பிப்பதில்லை. எல்லாவற்றையும் ஒரே சாயத்தில் தோய்க்கிறது. தவ்ஹீதுக்கும் அத்வைதத்துக்கும் உள்ள வேறுபாட்டை மறைத்துக் கிடைக்கும் நல்லிணக்கம் முதல் உரசலிலேயே கிழியும். வேறுபாட்டை அறிந்த பின்னும் நிலைப்பதே நல்லிணக்கம்.

அத்தாளின் ஒரு பாதி களத்தில் நடக்கட்டும். கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்து நடுகல்லையும், மலைத் தர்காவையும், சந்திரசூடேசுவரர் தேரையும், இடம்பெயர்ந்தோர் தம் விடுதியில் கொண்டாடும் விழாவையும் மாணவர் கண்டு, கேட்டு, எழுதட்டும். மறுபாதிக்கு ஆசிரியர்கள் தொலைவில் இல்லை. 40 கிலோமீட்டரில் பெங்களூர். அங்கே 1910இல் தோன்றிய ஐக்கிய இறையியல் கல்லூரியும், 1957இல் தோன்றிய சமயமும் சமுதாயமும் பற்றிய கிறித்தவ ஆய்வு நிறுவனமும் பிற சமயத்தாரோடு உரையாடிப் பழகியவை. மறுபுறம், ஆம்பூர் அருகே 1924இல் தொடங்கிய உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாம் இருக்கிறது. வேலூரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் இருக்கிறது. மூலமொழியில் வல்ல ஆலிம்கள் இங்கே உள்ளனர். ஆய்வு முறையில் பயின்ற பேராசிரியர்கள் அங்கே உள்ளனர். இரு சாராரும் ஒரு வகுப்பறையில் சந்திப்பதற்கான ஏற்பாடு மட்டுமே இல்லை.

நம் அரபுக் கல்லூரிகளுக்கும் இங்கே ஒரு சொல் உண்டு. இஸ்லாத்தைக் கற்பதற்கென்றே கிறித்தவர்கள் 1930இல் லாகூரில் ஹென்றி மார்ட்டின் நிறுவனத்தைத் தொடங்கினர். இன்று ஐதராபாத்தில் அது இயங்குகிறது. அதன் தொடக்கத்தில் பரப்புரை நோக்கம் இருந்தது. காலப்போக்கில் உரையாடலும் நல்லிணக்கமும் அதன் பணியாயின. நம்மைக் கற்கப் பிறர் நிறுவனம் கண்டனர். பிறரைக் கற்க நாம் கண்ட நிறுவனங்கள் எத்தனை? மக்கள் கிளைகளாகவும் குலங்களாகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்னும் குர்ஆனின் கருத்தை மேடைதோறும் எடுத்துரைக்கிறோம். அறிந்துகொள்ளல் என்பது வாழ்த்து அட்டை அனுப்புவதன்று. அதற்கு மொழி வேண்டும், நூல் வேண்டும், பொறுமை வேண்டும், தவறினால் திருத்தும் ஆசிரியர் வேண்டும்.

இவை நான்கும் ஒருங்கே கிடைக்கக்கூடிய இடம் பல்கலைக்கழகம். அதனிடம் இதை நாம் கேட்டுப் பெறாவிட்டால், நம் பிள்ளைகளுக்குப் பிறர் சமயத்தைக் கற்பிக்கும் பொறுப்பு யாரிடம் செல்லும் என்பதை அவர்கள் கையிலுள்ள சிறு திரையைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.